எண்ணப்படும் ஊரும் வாக்களிக்கும் ஊரும்

ஸ்ரீபெரும்புதூர் என்றும் திருப்பெரும்புதூர் என்றும் இருவகையாக வழங்கப்பெறும் ஊரை நம் தலைமுறையினர் மூன்று காரணங்களால் அறிவர். இராமானுசர் பிறந்த ஊர் அது. 1991-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் இரவு, தேர்தல் கூட்டமொன்றில் பேச வந்த இராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் உயிர்நீத்த ஊர் அது. சென்ற முப்பது ஆண்டுகளில் இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் எனச் சாலைகளின் இருமருங்கிலும் வளர்ந்து நிற்கும் தொழிற்சாலைகளுக்குத் தலைவாயிலும் அதுவே. நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது இம்மூன்றையும் அன்று, நான்காவதொன்றை. மக்களவைத் தொகுதி ஒன்று இவ்வூரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அப்பெயருக்குரிய நிலப்பரப்பு மட்டும் இடம் மாறியிருக்கிறது. அக்கோட்டை வரைகின்றவர் யார், எந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வரைகிறார் என்பதே நம் ஆராய்ச்சி.

இராஜீவ் காந்தி அன்றிரவு ஆதரவு திரட்ட வந்தது மரகதம் சந்திரசேகர் என்னும் வேட்பாளருக்காக. அவ்வம்மையாரின் அரசியல் வாழ்க்கையையே இத்தொகுதியின் வரலாற்றுக்கு முகவுரையாகக் கொள்ளலாம். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில் அவர் திருவள்ளூரிலிருந்து மக்களவைக்குச் சென்றார். 1984, 1989, 1991 ஆகிய மூன்று தேர்தல்களில் அவரை அனுப்பியது திருப்பெரும்புதூர். இடையில் நிகழ்ந்தது என்னவெனில், 1967-இல் திருவள்ளூர் என்னும் தொகுதி மறைந்து திருப்பெரும்புதூர் என்னும் தொகுதி எழுந்தது. 2009-இல் திருவள்ளூர் மீண்டும் தோன்றியது, திருப்பெரும்புதூரும் நிலைத்தது, பழைய செங்கற்பட்டுத் தொகுதி மறைந்து காஞ்சிபுரம் அவ்விடத்தைப் பெற்றது. இவற்றுள் எதையும் அவ்வூர் மக்கள் விண்ணப்பித்துப் பெற்றதாகக் கூறவியலாது. பத்தாண்டுக்கொருமுறை எடுக்கப்படும் தலைக்கணக்கும், அதைப் பின்பற்றி அமைக்கப்படும் ஆணையமுமே இம்மாற்றங்களைச் செய்தன.

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 81, 82-ஆம் பிரிவுகள் இதற்கு வழி வகுத்துள்ளன. ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் முடிந்தபின், மாநிலங்களுக்குரிய மக்களவை இடங்களும், மாநிலத்தினுள் தொகுதிகளின் எல்லைகளும் திருத்தப்பட வேண்டும். இடத்துக்கும் மக்கள் தொகைக்கும் உள்ள விகிதம் இயன்றவரை எங்கும் ஒன்றாயிருக்க வேண்டும். இதற்கென 1952, 1962, 1972, 2002 ஆகிய ஆண்டுகளில் நாடாளுமன்றம் நான்கு சட்டங்களை இயற்றியது. ஓர் ஐயம் ஈண்டுப் பலருக்கு எழுவதுண்டு. கணக்கில் கொள்ளப்படுவது வாக்காளர் தொகையா, மக்கள் தொகையா? மக்கள் தொகையே. தொட்டிலில் கிடக்கும் குழந்தையும், வாக்குரிமை வேற்றூரில் உள்ள தொழிலாளியும் அதில் அடங்குவர். பின்னர் நாம் கூறப்போகும் செய்திக்கு இஃது அடிப்படையாதலால் வாசகர் இதை நினைவில் இருத்துக.

1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அன்றைய சென்னை மாநிலத்தின் மக்கள் தொகை 3 கோடியே 37 இலட்சம். அதன் பயனாக 41 ஆக இருந்த மக்களவை இடங்கள் 1967 தேர்தலில் 39 ஆகக் குறைந்தன. சட்டமன்ற இடங்களோ 206-லிருந்து 234 ஆக உயர்ந்தன. இழந்த அவ்விரண்டு இடங்களைப் பற்றிய ஆதங்கம் இன்றளவும் தணியவில்லை. 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, குடும்பக் கட்டுப்பாட்டைச் செவ்வனே நிறைவேற்றியதற்காக ஒரு மாநிலம் தண்டிக்கப்படலாமா என்று வினவி, 14 தேர்தல்களில் இழந்த பிரதிநிதித்துவத்துக்கு ஈடாக 5,600 கோடி ரூபாய் ஏன் வழங்கக்கூடாது என்றும் கேட்டது. நியாயமான வேதனைதான். எனினும் வரலாற்றை எழுதுவோர் ஒன்றைக் கூறியே ஆகவேண்டும். 1951-க்கும் 1961-க்கும் இடையே இந்திய மக்கள் தொகை 21 விழுக்காட்டுக்கு மேல் பெருகியபோது சென்னை மாநிலம் 12 விழுக்காடு அளவே பெருகியது. குடும்ப நலத் திட்டம் 1952-இல்தான் தொடங்கிற்று. அப்பத்தாண்டில் சிற்றூர்களை அது எட்டியதே அரிது. அக்குறைவுக்கு அத்திட்டத்தைக் காரணமாகக் காட்டுவது பொருந்தாது என்பதே நம் கருத்து. பிற்காலத்துப் பெருமையை முற்காலத்து இழப்பின்மீது ஏற்றிச் சொல்லும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது.

அந்தக் காரணம் முழுமையாகப் பொருந்துவது 1971-க்குப் பின்னரே. நெருக்கடி நிலை நடப்பிலிருந்த 1976-இல் வெளியான தேசிய மக்கள்தொகைக் கொள்கையும், அவ்வாண்டின் 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், 2000-ஆம் ஆண்டுக்குப்பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரையில் 1971-இன் கணக்கே செல்லும் என்று உறுதிசெய்தன. பிறப்பைக் குறைக்கும் மாநிலம் நாடாளுமன்றத்தில் இடம் இழக்கலாகாது என்பது அதன் நோக்கம். அக்காலக்கெடு நெருங்கியபோது 84-ஆவது திருத்தம் அதனை 2026-க்குப்பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. இவ்வாறு, 4 கோடியே 12 இலட்சம் மக்கள் வாழ்ந்த தமிழ்நாட்டுக்கு அளிக்கப்பட்ட 39 இடங்களே, 2011-இல் 7 கோடியே 21 இலட்சமாகிவிட்ட தமிழ்நாட்டுக்கும் நீடித்தன.

கடிகாரத்தை நிறுத்திவைக்கும் இவ்வழக்கம் நமக்கு மட்டுமே உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1920-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, நகரவாசிகள் நாட்டுப்புறத்தாரை விஞ்சிவிட்டனர் என்பதை முதன்முறையாகக் காட்டிற்று. நாட்டுப்புறப் பிரதிநிதிகள் தம் இடங்களை விட்டுக்கொடுக்க மனமின்றி, அக்கணக்கின்படி மறுபங்கீடு நடவாமலே பத்தாண்டுகளைக் கடத்தினர். இங்கிலாந்தின் கதை இதனினும் பழையது. ஓல்டு சாரம் என்னும் பாழடைந்த மேட்டில் விரல்விட்டு எண்ணத்தக்க வாக்காளர் இருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், பஞ்சாலைகள் பெருகிய மான்செஸ்டர் நகருக்கு ஓர் உறுப்பினரும் இல்லை. 1832-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் வந்த பின்னரே அந்நகர் தனக்கென உறுப்பினரைப் பெற்றது. ஆலைகள் முன்னே செல்வதும், தொகுதிக் கோடு பின்னே தள்ளாடி வருவதும் உலகெங்கும் கண்ட காட்சியே.

நம் நாட்டில் மாநிலங்களுக்கு இடையிலான பங்கீடு நிறுத்திவைக்கப்பட்டபோதும், மாநிலத்தினுள் எல்லைகளைத் திருத்துவதற்கு ஒரு வாயில் திறக்கப்பட்டது. உச்ச நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி குல்தீப் சிங் அவர்களைத் தலைவராகக் கொண்டு 2002-இல் ஆணையம் அமைந்தது. தேர்தல் ஆணையத்தின் சார்பில் ஒருவரும், அந்தந்த மாநிலத்தின் தேர்தல் ஆணையரும் அதன் உறுப்பினர். மாநிலத்துக்கு ஐந்து மக்களவை உறுப்பினரும் ஐந்து சட்டமன்ற உறுப்பினரும் இணை உறுப்பினராக அமர்ந்தனர். அவர்கள் கருத்துரைக்கலாம், வாக்களிக்கவோ கையொப்பமிடவோ இயலாது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றமே கோடு வரைவதால், ஆளும் கட்சி தனக்கு வசதியாக வளைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி ஒப்பமிட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி பல்லியுருக்கொண்ட சாலமாண்டர் போல் நெளிந்து கிடந்ததால், அவர் பெயரையும் அவ்வுயிரின் பெயரையும் ஒட்டி ஒரு சொல்லே பிறந்துவிட்டது. அந்நோய் நம்மை அணுகாதபடி அரசியலமைப்பு காத்தது என்று நாம் மனநிறைவு கொள்ளலாம். ஆயின் அதற்கொரு விலையும் உண்டு. ஆணையத்தின் ஆணை அரசிதழில் வெளியானவுடன் சட்டத்தின் வலிமை பெறுகிறது. மக்களவையின் முன்னும் சட்டமன்றத்தின் முன்னும் வைக்கப்படுமேயன்றி, ஒரு சொல்லையும் அவை திருத்த முடியாது. உஜ்ஜயினி தனித் தொகுதியாக்கப்பட்டதை எதிர்த்து அந்நகரவாசி ஒருவர் தொடுத்த வழக்கில், நீதிமன்றம் இதனுள் புகலாகாது என 1966-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. 2024-இல்தான், முற்றிலும் தன்னிச்சையான ஆணையாயின் நீதிமன்றம் நோக்கலாம் என்று அக்கதவு சிறிது திறந்தது.

அவ்வாணையம் முதலில் 1991-ஆம் ஆண்டுக் கணக்கைக் கொண்டே கோடு வரைய வேண்டியிருந்தது. 2003-ஆம் ஆண்டின் 87-ஆவது திருத்தம் அதை 2001-ஆம் ஆண்டுக் கணக்காக மாற்றிற்று. அக்கணக்கின்படி தமிழ்நாட்டில் 6 கோடியே 24 இலட்சம் மக்கள். 39-ஆல் வகுத்தால் மக்களவைத் தொகுதிக்கு 16 இலட்சம். 234-ஆல் வகுத்தால் சட்டமன்றத் தொகுதிக்கு 2 இலட்சத்து 67 ஆயிரம். இவ்விரு எண்களே தராசுக் கற்கள். திருவள்ளூர், பூந்தமல்லிப் பக்கங்கள் வடக்கே புதிய திருவள்ளூர்த் தொகுதிக்குச் சென்றன. திருப்பெரும்புதூருக்கு வந்து சேர்ந்தவை மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம் என்னும் சென்னைப் புறநகர்கள். ஆறு சட்டமன்றத் தொகுதிகளுள் ஐந்து புறநகர். பெயர் மட்டும் ஆறாவதன் பெயர்! நெடுங்காலம் தனித் தொகுதியாயிருந்த திருப்பெரும்புதூர் மக்களவைத் தொகுதி பொதுத் தொகுதியாகியது. அண்டையிலுள்ள திருவள்ளூரும் காஞ்சிபுரமும் தனித் தொகுதிகளாயின. திருப்பெரும்புதூர்ச் சட்டமன்றத் தொகுதி மட்டும் தனித் தொகுதியாகவே தொடர்ந்தது. அட்டவணைச் சாதியினரின் விகிதம் ஒப்பளவில் மிகுந்த இடங்களில், மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவலாக, தனித் தொகுதிகள் அமைய வேண்டும் என்பது விதி. புறநகர்கள் வந்து சேர்ந்தபின் அவ்விகிதம் மாறியிருக்க வேண்டும் எனக் கருதலாம்.

இவ்விகிதத்தை எவ்வாறு கணக்கிடுகின்றனர் என்பது இவ்விதழின் வாசகர் பலருக்கு நேரே தொடர்புடையது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அட்டவணைச் சாதி என்னும் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவத்தைத் தழுவிய தலித் மக்கள் சேர்க்கப்படவில்லை. எனவே, செங்கற்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரச் சேரிகளில் வாழும் கிறிஸ்தவர், தொகுதியின் மொத்த மக்கள் தொகையில் எண்ணப்படுவர்; அதே தெருவில் அதே குடிசையில் வாழும் தம் உறவினருடன் சேர்த்து அட்டவணைச் சாதி விகிதத்தில் எண்ணப்பட மாட்டார்கள். தனித் தொகுதியில் அவர்கள் வாக்களிக்கலாம். வேட்பாளராக நிற்க இயலாது. கூட்டலில் உண்டு, விகிதத்தில் இல்லை என்னும் இந்நிலைக்குத் தொகுதி வரையறையைக் காட்டிலும் தெளிவான சான்று வேறில்லை.

இனி ஒரகடத்துக்கு வருவோம். 2008-இல் நடைமுறைக்கு வந்த கோடு, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கைக் கொண்டு வரையப்பட்டது என்று கண்டோம். அந்நாளில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார்களை உற்பத்தி செய்யத் தொடங்கி மூன்றாண்டுகள்கூட நிறைந்திருக்கவில்லை. ஒரகடம் அன்று வயலும் ஏரியும் பொட்டலுமாகக் கிடந்தது. நோக்கியா கைப்பேசி ஆலை திருப்பெரும்புதூரில் 2006-இல் தொடங்கி, பல்லாயிரம் இளம் பெண்களுக்கு வேலை தந்து, 2014-இல் மூடப்பட்டே விட்டது. ரெனோ–நிசான் 2010-இலும், டைம்லர் சரக்கூர்தி ஆலை 2012-இலும், ராயல் என்ஃபீல்டு 2013-இலும் ஒரகடத்தில் உற்பத்தியைத் தொடங்கின. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங், திருப்பெரும்புதூரில் பாக்ஸ்கான் என ஆலைகள் பெருகின. இவற்றுள் எதையும் அறியாத கணக்கே இன்றைய தொகுதியின் அடித்தளம்.

2024-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் திருப்பெரும்புதூர்த் தொகுதியின் வாக்காளர் 23 இலட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் இதுவே பெரிது. நாகப்பட்டினத் தொகுதியில் 13 இலட்சத்துச் சொச்சம். பெருக்கத்தில் பெரும்பங்கு தாம்பரம், பல்லாவரம், அம்பத்தூர்ப் பக்கத்துக் குடியிருப்புகளுக்கு உரியது, ஒரகடத்துக்கு மட்டும் உரியதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் நாகையில் ஒருவர் இடும் வாக்கின் எடையில், இங்கே ஒருவருக்குக் கிடைப்பது ஐந்தில் மூன்று பங்கிலும் சற்றுக் குறைவான அளவுதான். சட்டமன்றத்தில் வேறுபாடு இதனினும் கொடிது. 2021 தேர்தலில் சோழிங்கநல்லூரில் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளருக்கு ஓர் உறுப்பினர். சென்னைத் துறைமுகத்தில் 2 இலட்சத்துக்கும் குறைந்தவர்க்கு ஓர் உறுப்பினர். 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் அட்லாண்டா நகர வாக்காளர் கொண்டுசென்ற முறையீடும் இத்தகையதே. அவர்களது தொகுதியில் 8 இலட்சத்துக்கு மேல் மக்கள். அதே ஜார்ஜியா மாநிலத்தின் வேறொரு தொகுதியில் 2 இலட்சத்து 72 ஆயிரம் பேர். இயன்றவரை ஒருவர் வாக்கு மற்றவர் வாக்குக்குச் சமமாக வேண்டும் என்று அந்நீதிமன்றம் அன்று விதித்தது.

இவ்விடத்தில் நாம் சங்கடமான ஒரு கேள்வியை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. திருப்பெரும்புதூருக்கும் நாகைக்கும் இடையே அநீதி என்று எதை அளந்து காட்டினோமோ, அதே அளவுகோலைப் பீகாருக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே வைத்தால் விடை நமக்கு இனிக்காது. 2011 கணக்கின்படி தமிழ்நாட்டில் 18½ இலட்சம் பேருக்கு ஒரு மக்களவை உறுப்பினர். உத்தரப் பிரதேசத்தில் 25 இலட்சம் பேருக்கு. பீகாரில் 26 இலட்சம் பேருக்கு. இருக்கும் 543 இடங்களையே அக்கணக்கின்படி பங்கிட்டால் தமிழ்நாட்டுக்கு ஏறத்தாழ 32 இடங்களே எஞ்சும். 2025 மார்ச் 5-ஆம் நாள் சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டமும், அதே மாதம் 22-ஆம் நாள் பிற மாநிலத் தலைவர்களையும் சேர்த்துக் கூடிய கூட்டமும் எழுப்பிய குரலுக்கு இவ்வச்சமே காரணம். அரசு கேட்டுக்கொண்டதைக் கேட்டுக்கொண்டபடி செய்த மக்களின் குரல் அதனாலேயே தாழக்கூடாது என்பதில் நியாயம் உண்டு. மாநிலங்களின் ஒன்றியத்தில் தலைக்கணக்கு ஒன்றே நீதியின் முழு உருவமாகாது. இதை நாம் தயக்கமின்றி ஏற்கிறோம். ஆனால் அதைச் சொல்லும் மேடைகளில் திருப்பெரும்புதூரின் 23 இலட்சமும் சொல்லப்பட வேண்டும். மாநிலங்களுக்கு இடையே நிறுத்திவைக்கக் கேட்கும் நாம், மாநிலத்தினுள் கோடுகளை நேர்செய்யக் கேட்பதற்குத் தடையேதும் இல்லை. 87-ஆவது திருத்தம் இரண்டையும் பிரித்துக் காட்டிய முன்மாதிரி கண்முன் இருக்கிறது. இரண்டாவதைப் பற்றி அரசியல் மேடைகளில் கேட்கும் பேச்சு மிகக் குறைவு.

பீகார் என்றோம், அது தொலைவிலுள்ள நாடன்று. பீகார், ஒடிசா, அசாம், ஜார்க்கண்ட் மாநிலங்களின் இளைஞர் ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரத்து வாடகை அறைகளில் ஆறேழு பேராகத் தங்கி முறைவேலை செய்கின்றனர். எந்த மக்கள் பெருக்கத்தைக் கண்டு நாம் அஞ்சுகிறோமோ, அதில் ஒரு பகுதி நம் ஆலைகளை இயக்கிக்கொண்டிருக்கிறது.

இவர்கள் எந்தக் கணக்கில் சேர்வர்? அகுஸ்து சீசரின் கட்டளைப்படி அவரவர் தம் சொந்த ஊருக்குச் சென்று பெயர் பதிந்ததையும், யோசேப்பு கருவுற்றிருந்த மரியாவுடன் பெத்லகேமுக்குப் புறப்பட்டதையும் லூக்கா நற்செய்தியில் நாம் அறிவோம். நம் நாட்டின் கணக்கெடுப்பு இதற்கு எதிரானது. கணக்கெடுக்கும் நாட்களில் எங்கே தங்கியிருக்கிறாரோ அங்கேயே அவர் எண்ணப்படுவார். சொந்த ஊர் எதுவாயினும் அதனால் மாற்றமில்லை. வாக்காளர் பட்டியலோ வேறு வழி செல்கிறது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தைக் கேட்கிறது. தற்காலிகமாக வெளியே சென்றவர் சொந்த ஊர்ப் பட்டியலில் தொடர அது இடமளிக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியாய் அறை மாறி அறை மாறி வாழ்பவர் பெயர் ஊர்ப் பட்டியலிலேயே நின்றுவிடுகிறது. தேர்தல் நாளில் ஊருக்குச் சென்றால் வாக்கு உண்டு. ஆலையில் முறைவேலை இருந்தால் அதுவும் இல்லை.

ஆக, ஒரகடத்து அறையில் உறங்கும் பீகார் இளைஞர் தமிழ்நாட்டின் தலைக்கணக்கை உயர்த்துகிறார்; அவர் வாக்கு பீகாரில் இருக்கிறது. அவரை எண்ணி வரையப்படும் தொகுதியில் வேட்பாளர் எவரும் அவர் வாயிலில் வந்து நிற்கப்போவதில்லை. அவருக்குக் குடிநீர் வரவில்லையெனின் யாரிடம் முறையிடுவார்? வெளிமாநிலத்தாருக்கு மட்டும் உரிய நிலையன்று இது. 2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சாகிப் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் பலர் நோயுற, ஆயிரக்கணக்கானோர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். இத்தொகுதியின் வாக்காளராயிருந்திருப்பின் சாலைக்கு வருமுன் சென்று சொல்ல ஒருவர் இருந்திருப்பார்.

அந்நிகழ்ச்சிக்குப்பின் தொழிலாளர் தங்கும் இடங்களில் அரசின் கவனம் திரும்பிற்று. வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் கட்டிய 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் முதல் நாளைக் கணக்கு நாளாக அறிவிக்கும் அறிவிக்கை 2025 ஜூனில் வெளிவந்தது. கணக்கெடுப்பாளர் படிவத்துடன் அவ்விடுதிக்குள் நுழையும்போது, நாகை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து அங்கே தங்கியுள்ள பெண்ணின் பெயரைத் திருப்பெரும்புதூர்ப் பகுதியின் கணக்கில் எழுதிக்கொள்வார். நாகைத் தொகுதியில் ஒரு தலை குறையும், இங்கே ஒரு தலை கூடும். அவளுடைய வாக்காளர் அட்டையில் இருக்கும் முகவரி அப்போதும் நாகையாகவே இருக்கக்கூடும்.